இசும் காத்தது என்று நான் சொன்னது பொய்

இந்தச் சாட்சியை நான் ஏற்கெனவே ஒரு தடவை சொன்னவன். அன்று அழுதழுது சொன்னேன். கேட்டவர்களும் அழுதார்கள். அது பொய்ச் சாட்சி. இன்று சொல்வதுதான் நடந்தது.

சூறாவளி அடித்த அடுத்த வருடம், நோன்பு மாதம். கல்முனையில் என்னிடம் வாடகைக்கு ஓடும் ஒரு பழைய ஹயர் கார் இருந்தது. காலையில் கடற்கரையில் மீன் பெட்டிகளை ஏற்றி அம்பாறைச் சந்தையில் இறக்குவேன். திரும்பும்போது ஆட்களை ஏற்றி வருவேன். ஐஸ் உருகி டிக்கிக்குள் உப்புத் தண்ணீர் தேங்கும். நாற்றம் தாங்காமல் ஆட்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் என்ன செய்தேன்? ஆணியும் சுத்தியலும் எடுத்து டிக்கியின் அடித்தகட்டில் ஓட்டை போட்டேன். தண்ணீரெல்லாம் கீழே வடிந்தது. உள்ளே அத்தர் பூசினேன். என்னைப் போல மூளைக்காரன் ஊரில் இல்லை என்று நினைப்பு.

அந்த ஓட்டைக்கு நேர் கீழேதான் பின் சில்லுகளுக்குப் போகும் பிரேக் குழாய் இருந்தது. அதை நான் குனிந்து பார்த்ததே இல்லை.

பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழத் தொடங்கியது. ஒரு மிதியில் நின்ற கார் இரண்டு மிதி கேட்டது. பின் சில்லின் உட்பக்கம் எண்ணெய் ஈரம். கிழமைக்கு ஒரு தடவை கொஞ்சம் ஊற்றிய பிரேக் எண்ணெயை நாளுக்கு ஒரு தடவை ஊற்றினேன். எங்கே போகிறது என்று கேட்கவில்லை. குறைகிறதா, ஊற்று. அவ்வளவுதான் என் வைத்தியம்.

காரைதீவில் கராஜ் வைத்திருந்த கந்தையா பாஸ் ஒருநாள் காருக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, குழாய உப்புத் திண்டிட்டு. ரெண்டு நாளைக்குக் கார விட்டுட்டுப் போங்க. இத இப்பிடியே ஓடாதீங்க."

"ஓம் பாஸ், பெருநாள் முடியட்டும்" என்றேன்.

நோன்பு மாதத்தில் ஓட்டம் அதிகம். விட மனம் வரவில்லை. ஆனால் பயம் மட்டும் இருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊரில் ஓதிப் பார்க்கிற லெப்பையிடம் இசும் என்கிற காவல் தகடு எழுதி வாங்கி, செம்புக் கூட்டில் அடைத்து, ஸ்டியரிங் தண்டில் கட்டினேன். தினமும் பயண துஆ ஓதினேன். 'யா அல்லாஹ், எங்களைக் காப்பாற்று' என்று மனமுருகித்தான் கேட்டேன். கேட்டுவிட்டுப் போனட்டைக்கூடத் திறக்காமல் புறப்பட்டேன்.

பாடசாலை விடுமுறை. ஏழு வயது மகள் சாஜிதா அன்று என்னோடு வந்தாள். ஏற்றுவதற்கு ஆட்கள் கிடைக்காமல் நாங்கள் இருவர் மட்டும் அம்பாறையிலிருந்து திரும்பி வரும்போது, காரைதீவுக்கு முன்னால் வயல் வெளியில், அறுவடைக்கு வந்த பெண்களை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வயலுக்குள்ளிருந்து வீதிக்கு ஏறியது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையோடு போய் ஒட்டியது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை. கைப்பிரேக்கை இழுத்தேன், கம்பி அறுந்து கையோடு வந்தது. அதையும் உப்புத்தான் தின்றிருக்கிறது. கியரை இரண்டுக்கு இறக்கினேன். கார் அலறியது, நிற்கவில்லை. உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் இருந்த பெண்கள் கத்தினார்கள்.

"யா அல்லாஹ், என்ட புள்ள!"

நானும் கத்தினேன். ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் வீதியை விட்டு இறங்கி, வரம்பில் ஏறி விழுந்து, வைக்கோல் குவியலுக்குள் புதைந்து நின்றது. சாஜிதாவின் மோவாய் கிழிந்து இரத்தம் ஓடியது. உயிர் இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு வயலுக்குள்ளேயே நெற்றியை மண்ணில் வைத்து சுஜூதில் விழுந்தேன். அந்த சுஜூது மட்டும் பொய் இல்லை.

கந்தையா பாஸ் வந்தார். காருக்குக் கீழே படுத்து அந்தக் குழாயைத் தொட்டார். அது பப்படம் போல நொறுங்கியது. மேலே இருந்த ஆணி ஓட்டையையும் விரலால் காட்டினார். உடைந்த குழாய்த் துண்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என் மகளை நானே கொல்லப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் அவள் உம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? "இசும் காத்திட்டு" என்று அழுதழுது சொன்னேன். கூட்டமும் கண்ணீரோடு "சுப்ஹானல்லாஹ்" என்றது. எனக்கு அது இனித்தது. வெட்கத்தை விட்டே சொல்கிறேன், இனித்தது.

அந்தக் கூட்டத்தில் மஜீத் நின்றான். என்னைவிட இளையவன், வேன் ஓட்டுகிறவன்; மூத்தவன் என்று என்னைக் காக்கா என்பான்.

"காக்கா, என்ட வேன்லயும் பெடல் தாழுது. என்ன செய்யலாம்?" என்று கேட்டான்.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். குழாய்த் துண்டு என் சட்டைப் பையில்தான் கிடந்தது.

"நீயும் ஒண்டு எழுதிக் கட்டு" என்றேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த கிழமை மஜீத்தின் வேன் பிரேக் பிடிக்காமல் பாலத்துச் சுவரில் மோதியது. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். கட்டையை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கு வருவான். என்னைக் கண்டால் முதலில் அவன்தான் ஸலாம் சொல்வான். "அல்லாஹ்ட நாட்டம் காக்கா" என்பான். ஆறு வருடம் அந்த ஸலாமுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வாழ்ந்தேன். என்ன வாழ்க்கை!

சுபஹ் தொழுத ஒரு காலையில்தான் எனக்கு உறைத்தது. காப்பாற்று என்று நான் தினமும் கேட்டேன். அல்லாஹ்வும் தினமும் பதில் தந்தான். தாழ்ந்த பெடல் பதில். சில்லின் ஈரம் பதில். கந்தையா பாஸின் வாய் பதில். என் துஆவை அவன் ஏற்றுக்கொண்டுதான் இருந்தான். நான்தான் வாங்கவில்லை. வாங்காதவனையும் வைக்கோலில் நிறுத்தினானே, அந்த ரஹ்மத்துக்கு, அந்தக் கருணைக்கு, நான் எதைச் செய்து ஈடுகட்டுவது?

உண்மையைச் சொல்ல எனக்கு வாயைத் தா என்று அழுது கேட்டேன். தந்தான். அன்றே மஜீத்தின் வீட்டுக்குப் போய், அந்தத் துருப்பிடித்த துண்டை அவன் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்போது துஆவுக்கு முன்னால் காருக்குக் கீழே குனிகிறேன். பெடலை மிதித்து, அழுத்திப் பிடித்து, தாழ்கிறதா என்று பார்க்கிறேன். எண்ணெய் குறைந்தால் ஊற்றுவதற்கு முன் ஒழுகும் இடத்தைத் தேடுகிறேன். சகோதரர்களே, நீங்களும் அல்லாஹ்வை நம்புங்கள். நம்பித்தான் குனிந்து பாருங்கள்.

மஜீத் அன்று என்னை ஏசவில்லை. குழாய்த் துண்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்டைக்கு இதப் பைக்குள்ள வெச்சிக்கிட்டா காக்கா என்னோட கதைச்சீங்க?"

ஓம் என்றேன்.