ஏஜென்டிடம் நான் பேசாமல் விட்ட பேச்சு

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் கணவருக்கு வேலை போனதும், ஒரு ஏஜென்ட் மூலம் கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்து போனார்.

கொஞ்ச நாளில், ஒளித்து வைத்திருந்த போனிலிருந்து மெதுவாகப் பேசினார். "ஆத்தைத் தாண்டி வேற நாட்டுக்குக் கூட்டினு வந்துட்டாங்க. ஆன்லைன்ல ஜனங்கள ஏமாத்தச் சொல்றாங்க. பாஸ்போர்ட்டப் புடுங்கிட்டாங்க." அந்த இடத்தின் லொகேஷனையும் அனுப்பினார்.

ஏஜென்டைத் திட்டப் போனை எடுத்தேன். உடன் வேலை செய்யும் மேரி அதைப் பிடுங்கிக்கொண்டு, என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.

"நல்லவேளை, பேசல. தெரிஞ்சா அவர வேற இடத்துக்கு மாத்திடுவாங்க. எதுவும் தெரியாத மாதிரி இரும்மா," என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

லொகேஷன் இங்கிருந்து டெல்லிக்கும், தூதரகம் வழியாக அந்த நாட்டுப் போலீசுக்கும் போனது. இடையில் ஏஜென்ட் நோட்டம் பார்க்கக் கூப்பிட்டான். "அவரு நல்லா கீறாரா அண்ணே?" என்று கேட்டு, போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஒரு நாள் ஷிப்டில் இருந்தபோது இன்ஸ்பெக்டர் அழைத்தார். "எல்லைக்கு ரெண்டு பக்கத்துப் போலீசும் சேர்ந்து அந்தக் கட்டடத்த மடக்கிட்டாங்க. உன் வூட்டுக்காரர் பத்திரமா இருக்கார்மா."

இப்போது கம்பெனி பஸ்ஸில் யாராவது வெளிநாட்டு வேலை என்றால், "வேலை விசாவா, டூரிஸ்ட் விசாவா?" என்று கேட்டுவிடுகிறேன். என் கணவர் போனது டூரிஸ்ட் விசாவில். நாங்கள் கவனிக்கவே இல்லை. போன வாரம் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனாள். மறுநாள் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினாள். "அக்கா, இது எங்க அண்ணனோட விசா. கொஞ்சம் பாருங்க."