ஓடையில் நழுவிய மோதிரம்

போன கோடையில் நானும் கணவரும் ரொறன்ரோவிலிருந்து விமானமேறி, பிறகு நாள் முழுக்கக் காரோடி, கனடாவின் வடமேற்குக் கோடியில், யூகோனில் உள்ள டோசன் சிட்டிக்குப் போனோம். ஒரு காலத்தில் தங்கம் தேடி உலகமே ஓடிவந்த ஊர். இப்போது ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களின் சனம்கூட அங்கே இருக்குமோ தெரியாது. அடியில் உறைந்திருந்த நிலம் இளகியதால் பழைய மரக்கட்டடங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அவற்றையும், தங்கம் அள்ளிய இராட்சத இயந்திரத்தையும் பார்த்துப் படமெடுத்தோம்.

மறுநாள், வருகிறவர்கள் யாரும் தங்கம் அரித்துப் பார்க்கலாம் என்று விட்டிருக்கும் ஓடைக்குப் போனோம். கணவருக்கு அதில்தான் ஆசை. தட்டோடு இறங்கி மணலை அள்ளி அரித்தார். தண்ணீர் ஐஸ் மாதிரி. கொஞ்ச நேரத்தில் கையை உதறியவர், விரலைப் பார்த்தபடி அப்படியே நின்றார். மோதிரத்தைக் காணவில்லை. குளிரில் விரல் சுருங்கிக் கழன்றுவிட்டது.

அது கல்யாண மோதிரம் அல்ல. அவரைக் கனடாவுக்கு அனுப்புவதற்காக, கையில் இருந்த நகையெல்லாம் விற்ற அவருடைய அம்மா, அதை மட்டும் விற்காமல் மகனின் விரலில் போட்டுவிட்டார். வந்த புதிதில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ரில் வாடகைக்குக் கஷ்டப்பட்டு இருந்த காலத்திலும் இவர் அதைக் காசுக்கு அடைவு வைக்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கு இவரால் போக முடியவில்லை.

நானும் இறங்கித் தடவினேன். பக்கத்தில் அரித்துக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்காரர் என்ன என்று கேட்டார். சொன்னதும், பாதி அரித்த தன் மணலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்தார். காலை அசைக்க வேண்டாம், தங்கம் பாரம், தூரம் போயிருக்காது என்றார். அவருடைய மனைவியும் வேறு சிலரும் வந்து சேர்ந்தார்கள். அள்ளுவதும் அரிப்பதுமாக வெகுநேரம் போனது.

கணவருக்குக் கூச்சமாகிவிட்டது. "பாவம், இந்தச் சனம் எவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்குதுகள். தேடினது காணும், விடும். போவம்."

"நான் வரேல்லை. நீங்கள் வேணுமெண்டால் காருக்குள்ள இருங்கோ" என்றேன்.

அவர் போகவில்லை. இன்னும் சில தட்டு மணல் அரித்திருப்போம். அந்தப் பெரியவர் தன் தட்டை உயர்த்திக் காட்டினார். கறுப்பு மணலுக்குள் மோதிரம் கிடந்தது.

உடனே தரவில்லை. உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். இந்த ஓடைக்கு வருவது தன் சின்ன வயசுக் கனவு என்றும், வந்து இத்தனை நாளில் கிடைத்தது தூசி மட்டும்தான் என்றும், வாழ்க்கையில் தான் கண்டெடுத்த பெரிய தங்கம் இதுதான் என்றும் சொன்னார். பிறகு அதைக் கணவரின் கையில் வைத்து, விறைத்துப்போயிருந்த விரல்களைத் தானே மூடிவிட்டார்.

முப்பது வருசமாக வேலையில் ஆங்கிலம் பேசுகிற மனிதருக்கு அந்த நேரம் தமிழ்தான் வந்தது.

"ஐயா, நல்லாயிருங்கோ."

விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டு, அவர் மறுபடி தன் இடத்துக்குப் போய் அரிக்கத் தொடங்கினார்.

பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் பிளாசாக் கடைகளுக்கு முன்னாலோ பஸ் தரிப்பிலோ யாராவது குனிந்து எதையாவது தேடுவதைக் கண்டால், எந்த அவசரத்திலும் என் கால் தானாக நின்றுவிடுகிறது.