ஆத்தா தந்த கொசுறு

அந்த வருடம் ஆடி மாதம் எங்கள் கடையில் கொசுறு நின்றுபோனது.

பிள்ளைகளே, கொசுறு என்றால் உங்களுக்குத் தெரியும். சாமான் வாங்கிய பிறகும் நகராமல் கையை நீட்டிக்கொண்டு நிற்பீர்களே, அந்தக் கையில் வைப்பது. ஒரு பிடி பொரிகடலை, ஒரு துண்டு வெல்லம். அதற்குக் காசு கிடையாது. சாணார்பட்டிக்குப் பக்கத்தில் இந்த ரோட்டோரம் மளிகைக் கடை போட்ட நாளிலிருந்து, கொசுறு இல்லாமல் ஒரு பிள்ளையையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. அந்த ஆடியில் பொரிகடலை டப்பாவை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். நீட்டிய கையைப் பார்த்தும் பார்க்காததுபோல் அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு நெருக்கடி.

வெள்ளிக்கிழமை கோயில் பஜனைக்கு வரும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச்சொல்லி நம் பூசாரி கேட்டார். நான் எட்டாவது வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருக்கும். நடந்ததை மட்டும் பிழையில்லாமல் சொல்கிறேன்.

கொரோனா ஓய்ந்தபின் கடையை எடுத்துக் கட்டுவதற்காக பேங்கில் கடன் வாங்கினேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீடு. இரண்டுக்கும் ஒரே பத்திரம். அதைத்தான் அடமானம் வைத்தேன். வட்டி குறைவு என்றார்கள். அப்போது குறைவுதான். ஆனால் அது ஏறி இறங்குகிற வட்டி. அது இறங்கி நான் பார்க்கவில்லை. ஏறியது. மறுபடி ஏறியது. நான் புதிதாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, ஆனாலும் மாதத் தவணை கூடிக்கொண்டே போனது.

பேங்கில் போய்க் கேட்டேன். "மேலே ஏத்திட்டாங்க, அதனால இங்கயும் ஏறுது. உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான்" என்றார் அங்கிருந்த அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். எல்லார் வீடும் நனைகிறது என்பதற்காக என் கூரை ஒழுகாமல் இருக்குமா?

வட்டி ஒரு பக்கம் என்றால் விலைவாசி இன்னொரு பக்கம். துவரம்பருப்பு ஏறியது. தக்காளியை ஆட்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். சீரகம் ஏறிய ஏற்றத்தில் பொட்டலம் கட்டவே கை கூசியது. மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் திண்டுக்கல்லில் பெரிய கடையில் தள்ளுபடி பார்த்து மொத்தமாக வாங்கிவந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வாங்குவதைப் பாதியாக்கினார்கள். விலையை ஏற்றினால் ஆள் வராது. ஏற்றாவிட்டால் என் கையைக் கடித்தது. கடனுக்குச் சரக்கு தந்துகொண்டிருந்த மொத்த வியாபாரியும் ஒருநாள், "பழைய பாக்கிய முடிச்சிட்டு எடுத்துக்கங்கண்ணே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கடை அலமாரியில் சாமானைவிட இடைவெளி அதிகமாகத் தெரிந்தது.

எதிர்ச் சாரியில் முருகேசன் டீக்கடை வைத்திருந்தான். என் சிறு வயதுச் சிநேகிதன். எண்ணெய் விலையும் சிலிண்டர் விலையும் அவனையும் ஆட்டி வைத்தன. வடை விலையை ஏற்றப் பயந்து வடையைச் சிறிதாக்கினான்.

"ஏப்பா முருகேசா, ஓட்டைக்கு எம்புட்டு, வடைக்கு எம்புட்டுன்னு தனித்தனியா சொல்லிப்புடு. நான் வடைக்கு மட்டும் காசு தாரேன்" என்று ஒருவர் கேட்க, கடையே சிரித்தது.

"ஓட்டை கொசுறுண்ணே, சும்மா தின்னுங்க" என்றான் அவனும் சிரித்துக்கொண்டே. அவர் போனபிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அடுப்பைச் சின்னதாக்கினான்.

தவணை கட்ட முடியாமல் மூன்று மாதம் ஓடியது. பேங்கிலிருந்து கடிதம் வந்தது. என் மனைவி பாண்டியம்மாள்தான் படித்தாள். பாக்கியைக் கட்டத் தவறினால் சொத்து ஏலத்துக்கு வரும் என்று அதில் போட்டிருந்தது.

எங்கள் மகள் பவித்ரா அப்போது ஒன்றாம் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "ஏலம்னா பாயசத்துல போடுறதாப்பா?" என்றாள்.

மளிகைக் கடைக்காரன் பிள்ளைக்கு ஏலம் என்றால் ஏலக்காய்தானே? எனக்கு அழுகை வந்தது. "ஆமாத்தா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஆள் வந்து நின்றாலும் காதில் விழாது. இருந்து என்ன செய்யப்போகிறோம் என்றுகூட நினைத்தேன். பிள்ளைகளுக்கு இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ அப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் பயப்படாதீர்கள். பக்கத்தில் போய் ஒட்டி உட்காருங்கள். பெரியவர்கள் யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள். பவித்ரா அப்படி வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்ததால்தான் நான் எழுந்தேன்.

அந்தச் சமயத்தில் முருகேசன் ஒரு வழி சொன்னான்.

"மாப்ள, செம்பட்டிப் பக்கம் ஒருத்தரு இருக்காரு. கேட்ட அன்னைக்கே பணம். பேங்கு மாதிரி அலைய விடமாட்டாரு. நம்ம ரெண்டு பேருமே வாங்குவோம். வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்காரு."

அது மீட்டர் வட்டி. நாள் கணக்கில் ஓடும். நீங்கள் தூங்கினாலும் ஓடும். கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரம் வேறு கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியாததில்லை. தண்ணீரில் அடித்துக்கொண்டு போகிறவனுக்குக் கையில் அகப்படுவது கட்டையா முதலையா என்று பார்க்க நேரம் ஏது? வாங்கிவிடலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன்.

பாண்டியம்மாள்தான் தடுத்தாள். "ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம போகாதீங்க. பூக்கட்டிப் பாப்போம். சரின்னு வந்தா போங்க, நான் குறுக்க நிக்கல."

பூக்கட்டிப் பார்ப்பதை நீங்களும் நம் காளியம்மன் கோயிலில் பார்த்திருப்பீர்கள். ஒரு தாளில் வெள்ளைப் பூ, ஒரு தாளில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒன்றுபோல் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் வேண்டாம். அதுதான் ஆத்தா உத்தரவு.

ஆடி வெள்ளி என்பதால் கோயிலில் நல்ல கூட்டம். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முருகேசனும் வந்திருந்தான். எங்களுக்காகப் பூசாரி பொட்டலத்தைக் குலுக்கி வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆத்தா, என் பிள்ளை தூங்குற வீடு. அதை விட்றாத" என்று மட்டும்தான் வேண்டினேன்.

"பாப்பா, ஒன்னு எடுத்துக் குடு" என்றார் பூசாரி.

பவித்ரா ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தாள். உடனே குனிந்து இன்னொன்றையும் எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ கழுத, அதை எதுக்கு எடுத்த?" என்றேன்.

"இது கொசுறு" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "மளிகைக் கடைக்காரன் பெத்த பிள்ளை! ஆத்தாகிட்டயே கொசுறு கேக்குது பாரு" என்று முருகேசன் தொடையில் தட்டிச் சிரித்தான். பூசாரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பிள்ளை கையிலிருந்ததையும் வாங்கி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டார்.

"ரெண்டையும் எடுத்தா உத்தரவு இல்லப்பா. அடுத்த வெள்ளிக்கு வா, கேப்போம்."

"சாமி, இன்னைக்குச் சாயங்காலம் நான் போகணும்" என்றேன்.

"அவசரம் ஒனக்கு. ஆத்தாளுக்கு இல்ல" என்று விபூதியை நெற்றியில் பூசி அனுப்பிவிட்டார்.

அந்தச் சாயங்காலம் முருகேசன் தனியாகச் செம்பட்டிக்கு பஸ் ஏறினான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிள்ளைமேல், பூசாரிமேல், கடைசியில் ஆத்தாமேலும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக்கூட உனக்கு மனமில்லையா என்று மனசுக்குள் கத்தினேன்.

மறுவாரம் சின்ன வெங்காயம் அறுக்கப் போகிற மாரியாயி அக்கா கடைக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை மேசையில் வைத்தார்.

"தம்பி, பருப்பு, புளி, மிளகா வத்தல், மல்லின்னு ஒவ்வொன்னா வாங்க நமக்கு ஏலாது. திண்டுக்கல்லு கடையில எல்லாம் பெரிய பெரிய பாக்கெட்டால்ல இருக்கு. இந்தக் காசுக்கு ஒரு குழம்புக்கு என்ன வேணுமோ அதை மட்டும் சேத்துக் கட்டிக் குடேன்."

வேறு நாளாக இருந்தால் அலுத்துக்கொண்டிருப்பேன். அன்று விற்பதற்கும் என்னிடம் பெரிதாக எதுவுமில்லை. இருந்ததில் ஒரு கை பருப்பு, ஒரு உருண்டை புளி, நாலு வத்தல், கொஞ்சம் மல்லி, ஒரு சிட்டிகை சீரகம். பாண்டியம்மாள் அளந்து ஒரே பொட்டலமாகக் கட்டினாள். பிறகு கொல்லைப்புறம் போய் ஒரு கொத்து கருவேப்பிலை ஒடித்துவந்து மேலே வைத்தாள்.

"இதுக்கு எம்புட்டுத்தா?" என்றார் மாரியாயி அக்கா.

"அது கொசுறுக்கா. நம்ம கொல்லை மரத்துக்கு எந்த பேங்கும் வட்டி போடல" என்றாள் பாண்டியம்மாள்.

டப்பாவை ஒளித்து வைத்த பிறகு முதல்முறையாக என் கடையிலிருந்து கொசுறு போனது. கோயிலில் என் பிள்ளை இரண்டாவது பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்திருந்தது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் மாரியாயி அக்காவோடு வேலை செய்கிற பெண்கள் கூலி வாங்கிய கையோடு வந்தார்கள். "எங்களுக்கும் அந்தக் குழம்புப் பொட்டலம்." அதற்கு மறுநாள் இன்னும் சிலர். கடன் சொல்லவில்லை, அன்றைக்கு அன்றைக்கே காசு. வந்த காசில் காலையில் திண்டுக்கல் போய் ரொக்கத்துக்குச் சரக்கு எடுத்தேன். ரொக்கம் என்றதும் மொத்த வியாபாரி கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, கூட்டு, பொரியல் என்று வெஞ்சனத்துக்குத் தாளிக்க ஒன்று என்று பொட்டலம் பெருகியது. எந்த விலை ஏறினாலும் எடையில் மட்டும் கை வைப்பதில்லை என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

அடுத்த வெள்ளி பூசாரி பூவோடு தயாராக இருந்தார். "வேணாம் சாமி" என்றேன்.

"ஏப்பா, உத்தரவு கேக்கலயா?"

"ஆத்தா ரெண்டையும் குடுத்துட்டா" என்றேன். சிவப்பு வெள்ளைக்காக நான் நின்றேன். அவளோ பொட்டலத்தையே காட்டினாள். எனக்குப் புரியத்தான் ஒரு வாரம் ஆனது.

சேர்ந்த காசை எடுத்துக்கொண்டு ஆவணியில் பேங்குக்குப் போனோம். பாக்கியில் ஒரு பங்கைக் கட்டியதும், ஏலத்தை நிறுத்திவைத்துக் கடன் கட்டும் காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். கடன் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பவித்ரா காலேஜ் முடிக்கிறவரை நான் கட்ட வேண்டும். வட்டி நினைத்தபடி இறங்கவுமில்லை. சில மாதம் மூச்சு முட்டத்தான் செய்கிறது. ஆனால் நாங்கள் அதே வீட்டில் தூங்குகிறோம். நான் வேண்டியது அது ஒன்றுதான்.

முருகேசனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இது பாதிச் சாட்சி. அன்று வாங்கிய பணம் அவனை எழவிடவில்லை. கார்த்திகையில் வட்டிக்காரன் ஆட்கள் கடை முன்னால் பைக்கை நிறுத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். டீ குடிக்க வருகிறவர்கள் வருவதை நிறுத்தினார்கள். தை பிறப்பதற்குள் ஒரு விடியற்காலை அவன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். போன் போடுவதில்லை.

அவனும் அதே ஆத்தாவைக் கும்பிட்டவன்தான். அன்று எனக்குப் பக்கத்தில் நின்றுதான் கும்பிட்டான். என்னைத் தடுத்தவள் அவனை ஏன் தடுக்கவில்லை? எனக்குத் தெரியாது. அவன் பக்தி குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னைவிடப் பெரிய மனசு அவனுக்கு. பதில் தெரியாத இந்தக் கேள்வியோடுதான் நான் தினமும் விளக்கேற்றுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பவித்ரா கண்ணை மூடி வெகுநேரம் வேண்டிக்கொண்டிருந்தாள். "என்னத்தா இம்புட்டு நேரம்?" என்றேன்.

"மொதல்ல நமக்குக் கேட்டேன். அப்புறம் கொசுறு கேட்டேன்."

"கொசுறா என்ன கேட்ட?"

"முருகேசன் மாமா கடை தொறக்கணும்னு."

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் இப்போது கஷ்டம் இருக்கலாம். ஆத்தாவிடம் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். பதில் நீங்கள் மடித்து வைத்த மாதிரி வராது, ஆனால் வரும். நான் கண்டவன், அதனால் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதைக் கேட்டு முடித்ததும் உடனே எழுந்துவிடாமல், இன்னொரு வீட்டுக்காகவும் கையை நீட்டி நில்லுங்கள்.

எங்கள் கடையில் பொரிகடலை டப்பா பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எதிர்ச் சாரியில் முருகேசன் கடைப் பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வருகிற வெள்ளி நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.