அப்பா கத்தாத இரண்டு மாதங்கள்

அப்பாவின் கோபத்துக்கு மருந்து கொடுத்தவள் நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

திண்டிவனத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பகலில் அதில் உட்காருவது நான். நோட்டீஸ் நகல் எடுக்க வந்த ஓர் அம்மாள் சொல்லித்தான் மலர் மருத்துவம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு, மத்தியானம் சாம்பார் சாதம், கடைசியில் சான்றிதழ். உடம்பைப் பார்க்காதீர்கள், மனசைப் பாருங்கள் என்றார்கள். பயந்தவனுக்கு ஒரு பூ, பொறாமைக்காரனுக்கு ஒரு பூ, பழசையே நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு பூ. எல்லாம் நம் பக்கம் பூக்காத சீமைப் பூக்கள். முப்பத்தெட்டு குப்பிகள் அடங்கிய பெட்டியோடு பஸ் ஏறியபோது, பார்க்கிற ஆளெல்லாம் எனக்குக் குப்பியாகத் தெரிந்தார்கள். நாத்தனார் ஒரு குப்பி. கடைக்கு எதிரில் டீ போடுகிறவர் ஒரு குப்பி. அப்பாவுக்கு மட்டும் நான்கு குப்பி தேவைப்பட்டது.

அவர் ஒலக்கூர் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். சோறு குழைந்தால் தட்டு பறக்கும். குழையாவிட்டாலும் பறக்கும். கரன்ட் போனால் அம்மாவுக்குத் திட்டு விழும். பத்திரிகை வைக்க வந்த சித்தப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் போனவர், அப்புறம் வாசல் மிதிக்கவில்லை. என்னையும் திட்டுவார். நானும் விடமாட்டேன், திருப்பிக் கத்துவேன். அப்போது அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு வரும். தன் கோபத்தில் பாதி எனக்கு வந்திருக்கிறது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. எனக்கு அவரைப் பிடிக்கும். அம்மாவைப் பற்றி நான் அவ்வளவாக யோசித்ததில்லை.

மருந்தைச் சர்க்கரை உருண்டைகளில் சொட்டுச் சொட்டாக விட்டு, டப்பாவில் அடைத்து எடுத்துப்போனேன். அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தத் துன்னா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாதும்மா. கோவம் கொறையும்."

"ஒண்ணும் ஆவாதுன்ற. கோவம் கொறையும்ன்ற."

"சொன்னா துன்னமாட்டாரு. காலைல கூழ்ல போட்டுக் கலக்கிடு."

கேப்பைக் கூழில் நான்கு உருண்டை கரைவது யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் மோட்டார் கொட்டகையின் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். அன்றைக்கு அதைக் கட்டிய கொத்தனாரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாராம். வீக்கம் இரண்டு நாளில் வற்றிவிட்டது. மருந்து இன்னும் வேலை செய்யவில்லையே என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் போனபோது, அம்மா குழம்பில் உப்பு போட மறந்திருந்தாள். ஒரு வாய் வைத்ததுமே எனக்குப் பக்கென்றது. அப்பா பேசாமல் சாப்பிட்டு எழுந்து போய் கை கழுவினார். அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாள். என் தோளைத் தட்டிக்கொடுக்க எனக்கே ஆசையாக இருந்தது.

அதன் பிறகு வீடே மாறிப்போனது. அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். சத்தமாக சீரியல் வைத்தாள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போக வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவளிடம் அந்த முறை அப்பா "போய்ட்டு வா" என்றாராம். பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய் அங்காளம்மன் குங்குமம் கொண்டுவந்து அவர் நெற்றியில் வைத்தாள். அவர் நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தார். போனில் அதைச் சொல்லும்போது அவள் குரல் வயசுப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாவற்றையும் போட்டேன். கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன. அடுத்த வகுப்புக்கு என்னை விழுப்புரம் வரச்சொல்லி மேடையில் ஏற்றினார்கள். கையில் மைக்கை வைத்துக்கொண்டு, "எங்க அம்மாவுக்கு ஒரு புது வாழ்க்கை கிடைச்சிருக்கு" என்றேன். இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கண்ணில் படவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா பகலெல்லாம் தூங்கினார். டம்ளரைச் சாய்த்துப் பிடித்துச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். நிலக்கடலை விதைக்கிற நேரத்தில் ஒருநாள் வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தேன். "இன்னாப்பா, ஊரே வெதைக்கு மல்லாட்டை ஒடச்சிக்கினு இருக்குது, நீ கம்முனு குந்திக்கினு இருக்கிற?" முன்பென்றால் செருப்பு வந்திருக்கும். "பாக்கலாம்" என்றார். அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தேன். ஆனாலும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அன்று என் நோட்டில் எழுதியது: மனம் பக்குவப்படுகிறது.

ஒரு காலை அவரை எழுப்பவே முடியவில்லை. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்த பிறகு ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, எங்களை உட்காரவைத்துக் கேட்டார்.

"எத்தனை நாளா டல்லா இருக்காரு?"

அம்மா முந்திக்கொண்டாள். "டல்லா இல்லீங்க. ரெண்டு மாசமா நல்லா இருக்காருங்க."

"நல்லான்னா?"

"கத்தறதில்லீங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு, தலையில் எங்காவது அடிபட்டதா என்று என்னிடம் கேட்டார். மோட்டார் கொட்டகையைச் சொன்னேன். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் வாரக்கணக்கில் ரத்தம் கசிந்து மூளையை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது, வயதானவர்களுக்கு இப்படி வரும், ஆள் அமைதியாகிவிடுவார், நடை தடுமாறும் என்றார். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் சுலபமாகச் சரிசெய்திருக்கலாம் என்றும் சொன்னார். பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினேன். இதனால் நல்லதும் ஆகியிருக்காது, கெட்டதும் ஆகியிருக்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆபரேஷன் செய்தார்கள். அவர் கண் திறக்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அம்மாவிடம் பேச உட்கார்ந்தேன். கூழில் தான் கலக்கிக் கொடுத்ததுதான் அவரைக் கொன்றது என்று அவள் மருகிக்கொண்டிருப்பாள் என்பது என் எண்ணம். டாக்டரம்மா சொன்னதைப் பொறுமையாக இன்னொரு முறை விளக்கினேன். உன் மேல் தப்பில்லை, தெரியாமல் போய்விட்டது, தப்பு என்னுடையது என்றேன்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"ஒடம்புக்கு என்னமோ ஆயிப்போச்சின்னு தெரியும். ஒருநாள் ரேசன் கடைலேர்ந்து வந்துக்கினு இருந்தோம். எடது கால் செருப்பு கழண்டு உழுந்துட்ச்சி. அது தெரியாமலே நடந்து போறாரு. நான்தான் எடுத்தாந்து மாட்டிவுட்டேன். அப்புறம் தெனம் உழும். தெனம் மாட்டிவுடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ. சரி பண்ணிடுவாங்க. பழையபடி ஆயிடுவாரு."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். கொலைகாரி என்றும் சொன்னேன். அப்பா இருந்திருந்தால் இப்படித்தான் கத்தியிருப்பார் என்பது கத்தும்போதே எனக்குத் தெரிந்தது. எப்போதும் தலையைக் குனிந்துகொள்கிற அம்மா இந்த முறை குனியவில்லை. நான் மூச்சு வாங்கி நிறுத்தும்வரை காத்திருந்தாள்.

"நாப்பது வருசம் குடித்தனம் பண்ணேன். அந்த ரெண்டு மாசந்தான் நான் பயப்படாம சோறு துன்னேன். இன்னொரு தபா அவருக்கு அப்படி ஆனாலும் உன்கிட்ட சொல்லமாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். செத்தது என் அப்பா. அவள் செய்தது அநியாயம். அன்று கத்தியதைக் கத்தாமல், நிதானமாக அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல அதற்கப்புறம் இத்தனை மாதமாக வாயைத் திறக்கிறேன், வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அவள் மேல் இருப்பதைவிட எனக்கு வராத அந்த வார்த்தையின் மேல்தான் ஆத்திரம்.