மார்த்தாவின் அலமாரியில் ஏழு தட்டுகள்: ஆம்பூர் - வேலூர் - ஏலகிரி, ஒரு நாள் பயணம்

ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண்மணியை இந்தியாவிலேயே தக்கவைப்பதற்காக, டிசம்பர் 25 அன்று நான் தலைமை தாங்கி நடத்திய வரலாற்றுச் சிறப்புமிக்க பயணத்தின் முழு அறிக்கை இது. தூரமும் நேரமும் செலவும் துல்லியமானவை. மற்றவற்றில் கொஞ்சம் ஜாஸ்தி இருக்கலாம். என்னைத் தெரிந்தவர்கள் வழக்கம்போல் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரணம். ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவுக்கு, ஆகஸ்டில் போர்ச்சுகலிலிருந்து மார்த்தா என்ற டிசைனர் வந்து சேர்ந்தார். நாற்பத்தொரு வயது, தனி ஆள். தோலை ஒருமுறை விரலால் தடவினால் போதும், அந்த ஆடு கடைசியாக எந்த வேலியில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தவை ‘கம்மி’, ‘ஜாஸ்தி’ என்ற இரண்டே சொற்கள். ஷூ செய்ய அவை தாராளம். மற்றதெல்லாம் ஆங்கிலம், இங்கே நானே தமிழில் தருகிறேன்.

அவருடைய சோதனைக் காலம் டிசம்பரோடு முடிகிறது. அதன் பிறகு இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 22ஆம் தேதி கேன்டீனில் தயிர்ச்சாதத்தைப் பிசைந்தபடி சொன்னார்: “அங்கிள், முப்பதாம் தேதிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுட்டேன். வேலை பிடிச்சிருக்கு. ஆனா இங்க நான் யாருக்கு என்ன வேணும்னு தெரியல. கிறிஸ்துமஸ் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு முடிவு சொல்றேன்.” (வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் நான் அங்கிள்தான்.)

வேறு நாட்டில் ஒருவருக்கு முதல் கிறிஸ்துமஸ். அதைப் பொறுத்துத்தான் எங்கள் சாம்பிள் பிரிவின் எதிர்காலம். பொறுப்பை என் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

திட்டம் எளிமையானது: காலையில் வேலூரில் தேவாலயம், பிறகு ஏலகிரியில் ஐரோப்பியக் குளிர், மதியம் ஆம்பூர் பிரியாணி. இதற்கு மேல் எந்தப் போர்ச்சுகல்காரர் ஊர் திரும்புவார்? நண்பன் சலீமின் கார், நாள் முழுக்க டீசலோடு 3,800 ரூபாய், பேட்டா 400, சுங்கம் தனி.

காலை 4.50க்குக் கிளம்பினோம். வேலூர் ஐம்பது கிலோமீட்டர். காலி நெடுஞ்சாலையில் ஐம்பத்தைந்து நிமிடம். ஆறு மணிப் பூசையில் புதுப் பட்டுச் சேலைகளின் சரசரப்பில் பாதிரியார் பேசியது பாதிதான் கேட்டது. ஒரு பாட்டின் மெட்டு மார்த்தாவுக்குத் தெரிந்திருந்தது. கூட்டம் தமிழில் பாட, இவர் போர்ச்சுகீசில் பாடினார். பணி முடிந்தது என்று மனதுக்குள் மாலை போட்டுக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் கூட்டம் குடும்பம் குடும்பமாகக் கலைந்தது. மார்த்தா தேவாலய கேட் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் எங்க போறாங்க?”

“வீட்டுக்கு” என்றேன். அந்த ஒரு சொல்லை விழுங்கியிருக்கலாம்.

டிபன் மூன்று பேருக்கு 360 ரூபாய். வேலூரிலிருந்து ஏலகிரி சுமார் தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவதில் என் குடலும் நானும் தனித்தனியாகத் திரும்பினோம். என் பேச்சை நம்பி மார்த்தா முழங்கால் வரை கம்பளிக் கோட்டு போட்டு வந்திருந்தார். 10.40க்கு மேலே போய்ச் சேர்ந்தால், வெயில் தலையில் ஆணி அடித்தது.

“இன்னா அங்கிள்,” என்றான் சலீம். “குளிரு ஏழு மணிக்கே டியூட்டி முடிஞ்சி போய்ட்டுது. அடுத்த ஷிப்டு சாயந்தரம்தான்.”

ஏரிக்கரையில் வேகவைத்த சோளம் வாங்கித் தந்தேன். மார்த்தா கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “இன்னும் ரெண்டு மணி நேரத்துல எங்கம்மா எழுந்து கிறிஸ்துமஸ் ரொட்டி பொரிக்க ஆரம்பிப்பாங்க” என்றார். கீழே இறங்கும்வரை கார் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் இருந்தது அன்றுதான்.

இறக்கம், நெடுஞ்சாலை, பிரியாணி வரிசை எல்லாம் தாண்டி மதியம் 2.10க்கு மார்த்தா குடியிருக்கும் தெருவுக்கு வந்தோம். தெருவே வாசலில் நின்றது. எதிர் வீட்டு ஷமீம் அக்கா இடுப்பில் கை வைத்திருந்தார்.

“இன்னா அங்கிள், நல்ல நாளும் அதுவுமா எங்க இட்டுனு போய்ட்ட இவங்கள? காலைலேர்ந்து தெருவே பார்த்துனு இருக்குது.”

“எதுக்கு?”

“எதுக்கா? நவராத்திரிக்கு இவங்க வீட்டுக்குத் தட்டுல சுண்டல் போச்சு. தீபாவளிக்கு அதிரசம் போச்சு. எம் பொண்ணு நிக்காவுக்கு பிரியாணி போச்சு. தெருவுலயே கிறிஸ்டியனு இவங்க ஒருத்தங்கதான். அவங்க பண்டிகைன்னு வந்தா பூட்டிட்டுப் போய்ட்டாங்க. சரி, பலகாரம்தான் இல்ல, எங்க தட்டாச்சும் வருமா வராதா?”

மொழிபெயர்த்தேன். கடுமையைக் கொஞ்சம் கம்மி செய்துதான். மார்த்தா விழித்தார். “நான் புதுசு. யாராவது கூப்பிடுவாங்கன்னு நான்தான் காத்துட்டு இருந்தேன்.”

என் மண்டையில் அப்போதுதான் விளக்கு எரிந்தது. அவர் ஊரில் புதிதாக வந்தவரை மற்றவர்கள் அழைப்பார்கள். இங்கே யாருக்குப் பண்டிகையோ அவர்தான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தெரு இவருக்காகக் காத்திருக்கிறது, இவர் தெருவுக்காகக் காத்திருக்கிறார், நடுவில் நான் ஒரு மேதாவி இவரை மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

“தட்டுன்னா, அந்தப் பரிசுகளா?” என்றார் மார்த்தா.

உள்ளே போய்ப் பார்த்தோம். அலமாரியில் ஏழு எவர்சில்வர் தட்டுகள் கண்ணாடி போல் துடைத்து நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. விளிம்பில் புள்ளி புள்ளியாய்ப் பொறித்த பெயர்களைக் காட்டி, “கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்களேன்னு நினைச்சேன்” என்றார்.

ஷமீம் அக்கா மூன்றாவது தட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எங்க மாமியா பேருக்கு மெழுகுவத்தி. உயிரோட இருக்கும்போதேவா?”

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மார்த்தாவும் சிரித்தார். பிறகு சட்டைக் கையை மடித்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். சாம்பிள் அனுப்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது வரும் முகம். அம்மாவின் கிறிஸ்துமஸ் ரொட்டிக்காக எட்டு பாக்கெட் ரொட்டி, நாற்பது முட்டை, மூன்று லிட்டர் பால், சர்க்கரை, பட்டைத் தூள் வாங்க சலீம் ஓடினான். 720 ரூபாய். இரண்டே முக்காலிலிருந்து நாலரை வரை அடுப்பு அணையவில்லை. அந்த வாசனைக்கு ரயிலே ஆம்பூரில் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றது.

“பாம்பே டோஸ்ட்டு மாதிரிதான் கீது” என்றான் சலீம், நாலாவதைத் தின்றுகொண்டே.

“பேசாம துன்னு” என்றார் ஷமீம் அக்கா, எண்ணெயை வடித்தபடி.

விளிம்பில் இருக்கும் பெயரை நான் படிக்க, மார்த்தா ஏந்திக்கொண்டு போனார். ஏழு தட்டு, ஏழு வீடு. எட்டாவது, குடியாத்தத்திலிருந்து போன வாரம்தான் குடிவந்த லுங்கி நெசவுக் குடும்பம். அவர்கள் தட்டு எதுவும் எங்களிடம் இல்லை. மார்த்தா யோசித்துவிட்டு, அம்மா கொடுத்தனுப்பிய நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கேட்டார்: “என் தட்டு எப்போ வரும்?”

“வெறும் தட்டைத் தர மாட்டாங்க. பொங்கலுக்குத்தான். ஜனவரி நடுவுல.”

அவர் அந்த எட்டாவது வீட்டைத் திரும்பிப் பார்த்தார். முப்பதாம் தேதி டிக்கெட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: வேலூர்ப் பூசைக்கு அரை மணி நேரம் முன்பே போனால்தான் இடம். ஏலகிரிக்கு ஏழு மணிக்குள் ஏறுங்கள், இல்லையென்றால் கம்பளிக் கோட்டை வீட்டிலேயே விடுங்கள். இந்தப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள், தட்டின் விளிம்பில் பெயர் இருந்தால் அது பரிசில்லை, முகவரி. பண்டிகையன்று என்னைப் போன்ற ஆள் காரோடு வந்து நின்றால் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

29ஆம் தேதி மாலை மார்த்தா என்னை பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்கு அழைத்துப் போனார். எட்டு எவர்சில்வர் தட்டுகள் எடுத்து, எட்டிலும் தன் பெயரைப் பொறிக்கக் கொடுத்தார். பெயர் பொறிக்கிற மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரர் என்னிடம் கேட்டார்:

“பேரு மட்டும் போதுமா, தெருவும் ஊரும் சேர்த்துப் போடணுமா? சேர்த்தா எழுத்து ஜாஸ்தி ஆவும்.”

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள், தனக்குத் தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு மார்த்தா சொன்னார்:

“ஜாஸ்தி.”