பாலம் தாண்டி வந்த வண்டி

பங்க்கம்மா என்றால் அந்தப் பாலத்தடியில் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது; அது அவளுக்கே மறந்து போயிருக்கும். ஆற்றின் இந்தக் கரையில், பாலம் இறங்கியதும் இடது கைப் பக்கம் இருக்கிற பெட்ரோல் பங்க் அவளுடையது. பாலத்தின் நட்ட நடுவில் எல்லை. அந்தக் கரை ஒரு அரசாங்கம், இந்தக் கரை இன்னொரு அரசாங்கம். பெட்ரோல், டீசல் மேல் அந்தக் கரையில் வரி அதிகம், இங்கே குறைவு. அப்புறம் கேட்கவா வேண்டும்? அந்தக் கரை வண்டியெல்லாம் பாலம் ஏறி இறங்கி இவளிடம் வந்துதான் டேங்க்கை நிரப்பும். காலை வேளையில் வரிசை பாலத்து மேலேயே போய் நிற்கும்.

ஆனால் வரி குறைவு, அதனால்தான் கூட்டம் என்று அவளிடம் வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு உங்கள் கதை கந்தல்.

"வரியாவது வெங்காயமாவது! என் கைராசிங்க. என் மூஞ்சியப் பாத்து வர்ற கூட்டம் இது" என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் வாய்க்குக் கை ஒன்றும் இளைத்ததில்லை. வண்டி உள்ளே திரும்பும்போதே மூடி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள். ஒரு சொட்டு கீழே சிந்த விடமாட்டாள். அவள் பங்க்கில் ஒரு சட்டம் இருந்தது. மூடியைத் திறந்ததும் விரல் முட்டியால் வண்டியை ரெண்டு தட்டுத் தட்டி, "பெட்ரோலா, டீசலா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வண்டிக்காரர் வாய்விட்டுப் பதில் சொன்ன பிறகுதான் குழாயைத் தொட வேண்டும். தினமும் வருகிற வண்டியானாலும் இதுதான். சொந்தப் புருஷன் வண்டியானாலும் இதுதான்.

"மாத்தி ஊத்திட்டா வண்டி படுத்துரும். வண்டி படுத்தா நம்ம பேரும் சேந்து படுத்துரும்" என்று வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவாள். அவளிடம் பம்ப்பில் நின்ற தடித்த கண்ணாடிக்காரி ஒருத்தி, எல்லாரும் சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள், ஒரே ஒருமுறை கேட்காமல் குழாயை எடுத்துவிட்டு ஒரு வாரம் வசவு வாங்கினாள். பங்க்கம்மா கையால் மாற்றி ஊற்றியதாகச் சரித்திரமே இல்லை.

இந்தத் தொழில் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். அந்தக் கரையில், பாலத்தின் மறுமுனையில், அப்பாவுக்கு ஒரு பங்க் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணனும் தங்கையும் பையை எறிந்துவிட்டு ஓடிப்போய்க் குழாய்க்கு அடித்துக்கொள்வார்கள். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பங்க் அண்ணனுக்குப் போனது. இவள் இந்தக் கரையில் டயர்க்கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு வந்தவள், வந்த வேகத்தில் கம்பெனிக்காரர்களை நச்சரித்துச் சொந்தமாகவே ஒன்று திறந்துவிட்டாள். அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போனது. அப்புறம்தான் அந்தக் கரை அரசாங்கம் வரியை ஏற்றித் தொலைத்தது. அண்ணனிடம் வந்த வண்டியெல்லாம் தங்கையிடம் வர ஆரம்பித்தது.

அண்ணன் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, சொந்தக்காரர்கள் எல்லாம் இலையில் உட்கார்ந்திருக்கும்போது அது வெடித்தது. யாரோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "தங்கச்சி பங்க்குல எப்பவும் கூட்டமாமே" என்றார்கள். இவள் உடனே கைராசியை ஆரம்பித்தாள்.

"கைராசியும் இல்ல, மண்ணும் இல்ல" என்றார் அண்ணன். "எல்லாம் வரி. ரெண்டு கரையிலயும் வரி ஒண்ணா இருந்தா உன் பங்க்குல காக்கா கூட வந்து உக்காராது."

இவள் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டாள். "வரி ஒண்ணாகட்டும்ணே. அப்பவும் பாலம் தாண்டி என்கிட்ட வருவாங்க. வரலைன்னா உன்கிட்ட இந்த ஜென்மத்துல நான் வாயே திறக்கல!"

கையைக் கழுவாமலே கிளம்பி வந்தவள்தான். அதோடு பேச்சு நின்றது. நடுவில் இருந்தது ஒரு பாலம்தான். வீட்டுக்காரர் மட்டும் மச்சானைப் பார்க்க அந்தக் கரைக்குப் போவார், வருவார். திரும்பி வந்தால் இவள், "எப்படி இருக்காரு உங்க மச்சான்?" என்று வேண்டாத ஆளை விசாரிப்பதுபோல விசாரிப்பாள். பதில் முழுசாக வருகிறவரைக்கும் நகரமாட்டாள்.

அப்படி இருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. பாதி ஊர் கரண்ட் வண்டிக்கு மாறிவிட்டது. அவர்கள் பெட்ரோலும் போடுவதில்லை, வரியும் கட்டுவதில்லை, ரோட்டை மட்டும் நன்றாகத் தேய்க்கிறார்கள். அதனால் ரெண்டு அரசாங்கமும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. பெட்ரோல், டீசல் மேல் இருந்த வரி இனிமேல் இல்லை. எல்லா வண்டியிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவுக்கு ரோட்டுக் காசு.

"சரியான ஏற்பாடு" என்றாள் பங்க்கம்மா. "ரோட்டைத் தேய்க்கிறவன் ரோட்டுக்குக் கட்டட்டும். நியாயம்தானே?"

டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "நியாயம்தான். ஆனா இனிமே ரெண்டு கரையிலயும் ஒரே விலை. பாலம் தாண்டினா தாண்டின தூரத்துக்குக் காசு வேற. யாரு வருவா?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? நான் இருக்கேன்ல!"

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. வியாபாரம் குறைந்தால் சமாளித்துக்கொள்ளலாம், உள்ளூர் வண்டியே பங்க்கை ஓட்டிவிடும். இத்தனை வருஷமாக என் கூட்டம், என் கூட்டம் என்று மார்தட்டியது வரியின் கூட்டம் என்று ஆகிவிட்டால்? அண்ணன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டால்? அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

புது ஏற்பாடு வந்த அன்று காலையில், இருக்கிறதிலேயே நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு பம்ப்புக்கு முன்னால் வந்து நின்றாள். தரையைக் கழுவிவிட்டாள். பால் வண்டி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, பக்கத்துத் தெரு ஸ்கூட்டர்கள் வந்தன. எல்லாம் உள்ளூர். பாலத்தில் வண்டிகள் வருவதும் போவதுமாகத்தான் இருந்தன, ஒன்றாவது இடது கைப் பக்கம் திரும்ப வேண்டுமே! மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் சோடாபுட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நிஜமாகவே ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பாலத்தையே பாத்துட்டு நின்னா கழுத்து சுளுக்கிக்கும்க்கா" என்றாள்.

"நீ உன் வேலையப் பாரு."

"வேலை வந்தாத்தானே பாக்குறதுக்கு?"

பங்க்கம்மா திட்ட வாயெடுத்தவள், அப்படியே நின்றாள். பாலத்திலிருந்து ஒரு வெள்ளைக் கார் இறங்கிக்கொண்டிருந்தது. இடது பக்க விளக்கு மினுக்கியது. வண்டி மெதுவாகத் திரும்பி, நேராக அவள் நின்ற பம்ப்புக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் அண்ணன்.

அடேயப்பா, அவளுக்கு வந்த ஆத்திரம்! காக்கா உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். வேறு எதற்கு? ஓரக்கண்ணால் பார்த்தாள். தலை நரைத்துப் போயிருந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லையே! அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. நான் மட்டும் முதலில் பேசிவிடுவேனா என்று இவளும் வாயை இறுக்கிக்கொண்டாள். மூடியைத் திறந்தாள். விரல் முட்டி தன்னால் ரெண்டு தட்டுத் தட்டியது. கேட்க வேண்டியதைக் கேட்டால் பேச்சுக் கொடுத்தது ஆகிவிடும். எதற்குக் கேட்க வேண்டும்? அண்ணன் காலமெல்லாம் ஓட்டியது டீசல் வண்டிதானே, எனக்குத் தெரியாதா? குழாயை எடுத்துச் சொருகி அழுத்தினாள்.

அண்ணன் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். ஒருமுறை கனைத்தார். இன்னொருமுறை கனைத்தார். கதவில் தட்டினார். இவள் வானத்தைப் பார்த்தாள். கடைசியில் அவர் கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"ஏய் பாப்பா! டீசல்! டீசல் ஊத்துற! இது பெட்ரோல் வண்டி!"

அவள் கையிலிருந்த குழாய் நின்றது. சோடாபுட்டி ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றாள். வீட்டுக்காரர் காற்றுக் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"பெட்ரோல் வண்டின்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே!" என்று கத்தினாள் பங்க்கம்மா.

"நீ கேக்க வேண்டியதுதானே! உன் பங்க்குல கேக்காம ஊத்த மாட்டாங்கன்னு அந்தக் கரையெல்லாம் பேச்சு!"

"நான் எதுக்கு உன்கிட்டக் கேக்கணும்?"

"அப்ப நான் எதுக்குச் சொல்லணும்?"

ரெண்டு பேரும் மூச்சு வாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது சோடாபுட்டிதான். அப்புறம் அண்ணன் சிரித்தார். பங்க்கம்மா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, முடியாமல் வெடித்தாள்.

வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். நல்லவேளை, என்ஜினை ஸ்டார்ட் பண்ணவில்லை. வீட்டுக்காரர் கீழே படுத்து டேங்க்கைக் கழற்றினார். "மச்சான், இது முடிய சாயங்காலம் ஆகும்" என்று அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆகட்டும் மாப்ள, அவசரமில்ல" என்றார் அண்ணன். ஆபீஸ் அறையில் தங்கை பரிமாறினாள், அண்ணன் சாப்பிட்டார். கேட்காமலே ரெண்டாம் தடவையும் போட்டாள்.

"உன் பங்க் எப்படி இருக்கு?" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"கூட்டம் தாங்கல. உன்கிட்ட வந்துக்கிட்டிருந்த அத்தனையும் அங்கதான் நிக்குது. ஆள் பத்தாம திண்டாடுறேன்."

அப்படியென்றால் அவர் சொன்னதுதான் சரி. அவள் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள். "உன் பங்க்குல அதே பெட்ரோல், அதே விலை. கூட்டத்தை விட்டுட்டு, பாலம் தாண்டுறதுக்குக் காசும் கட்டி, இங்க எதுக்குண்ணே வந்த?"

அண்ணன் தட்டில் விரலால் கோடு இழுத்தார்.

"வரி ஒண்ணானாலும் பாலம் தாண்டி வருவாங்கன்னு சொன்னவ நீ. யாரும் வரலைன்னா இந்த ஜென்மத்துல பேசமாட்டேன்னும் சொல்லிட்ட. மூணு நாளாப் பாலத்தப் பாத்தேன். ஒருத்தனும் இந்தப் பக்கம் திரும்பல. எனக்குப் பயமாப் போச்சு பாப்பா. அதான் நானே வந்துட்டேன்."

அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். டம்ளர் நிரம்பி மேஜையில் வழிந்தது. ஒரு சொட்டு சிந்தவிடாத கை அது. ரெண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.

சாயங்காலம் வெள்ளைக் கார் சுத்தமான டேங்க்கோடு பம்ப்புக்கு வந்தது. பங்க்கம்மா மூடியைத் திறந்து, வண்டியை ரெண்டு தட்டுத் தட்டி, தெருவுக்கே கேட்கிற குரலில், "பெட்ரோலா, டீசலா?" என்றாள். "பெட்ரோல்!" என்று அண்ணன் அதைவிடச் சத்தமாகச் சொன்னார்.

கார் பாலம் ஏறி மறைந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? வரி ஒண்ணானாலும் பாலம் தாண்டி என்கிட்ட வருவாங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"வந்தது ஒரே ஒரு ஆளும்மா."

"எத்தனை பேருன்னா நான் சொன்னேன்?" என்றாள் பங்க்கம்மா.