உஸ்மான் சாலையிலிருந்து சைதாப்பேட்டை கோர்ட் வரை

1994, ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பதரைக்கு, தி.நகரில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடை வாசலில் ஆட்டோ ஏறினேன். சைதாப்பேட்டை கோர்ட் மூன்று கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். இவ்வளவு பயந்து நான் எங்கேயும் போனதில்லை.

கடையின் அட்டைப்பெட்டிகளை நடைபாதையில் அடுக்கியதாக வழக்கு. எங்கள் தெரு வழக்கப்படி முதலாளி போகமாட்டார். வேலையாள் ஒருவன் பெயரைக் கொடுத்து அனுப்புவார். இந்த முறை நான். "கூப்பிட்டதும் கும்பிட்டு ஒத்துக்கிட்டு வந்துருல. வேற ஒண்ணும் பேசப்பிடாது" என்றார் முதலாளி அண்ணாச்சி. சிங்கப்பூர் போக நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தது அவருக்குத் தெரியாது. போலீஸ் விசாரணை வரும் நேரத்தில் என் பெயரில் தண்டனை விழுந்தால் எல்லாம் போச்சு.

சி.ஐ.டி. நகர் தாண்டும்போது டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, மூஞ்சே செத்துக் கீது? ஃபைன் கட்டிட்டு வந்துகினே இரு. பேரு மட்டும் ஸ்டேஷன்ல ஏறிடும், அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்'தான் எனக்கு எல்லாமே.

பத்தரை மணி. கோர்ட் தாழ்வாரத்தில் பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தாவிடம், ஜட்ஜ் ஏதாவது கேட்பாரா என்றேன். மயிலாப்பூர்க்காரர். "வெள்ளைக்காரன் காலத்துல சில்லறைக் கேஸுக்குச் சம்பளமில்லாத மாஜிஸ்ட்ரேட்தான். ஊர்ப் பெரிய மனுஷா நாலு பேர் பெஞ்சுல உக்காந்துண்டு, தெரிஞ்ச முகம்னா அதட்டி அனுப்பிடுவா. இந்தம்மா சட்டம் படிச்சவா. கேப்பா" என்றார்.

உள்ளே எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள், ஒத்துக்கொண்டார்கள், நகர்ந்தார்கள். என் பெயர் வந்தது. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடை உங்களுதா?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

கும்பிடத் தூக்கிய கை அப்படியே நின்றது. "இல்லம்மா. நான் சேல்ஸ்மேன். பெட்டியை நான் வைக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் என் உயிர் பாதி போய்விட்டது. பிறகு, "அடுத்த திங்கள் முதலாளியே வரணும். நீங்க போகலாம்" என்றார்.

வெளியே வந்து டீ குடித்தேன். தண்டனை இல்லை, பெயர் தப்பியது. கிளாஸ் பாதி காலியாகும்போதுதான் உறைத்தது. சென்னையில் எனக்கு வேறு வீடு கிடையாது. கடை மாடியில்தான் படுக்கை. பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்த விலாசமும் அதுதான். விசாரிக்க வரும் போலீஸ்காரர், ஆள் எப்படி என்று அண்ணாச்சியைத்தான் கேட்பார்.

தி.நகர் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.